புல்தரை வெட்ட ஆள் வைத்தால் எவ்வளவு ஆகும்? டெக்சஸ் வீட்டுக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டாலசுக்கு வடக்கே பிளேனோ, ஃபிரிஸ்கோ, அலன், மெக்கின்னி போன்ற ஊர்களில் வீடு வாங்கிக் குடிபுகும் நம்மவர்கள் கடன் வட்டி, சொத்து வரி, வீட்டுக் காப்பீடு என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுகிறார்கள். புல்தரை மட்டும் அந்தக் கணக்கில் வருவதில்லை. மார்ச் மாதம் புல் பச்சை பிடித்து, ஏப்ரல் மழையில் கணுக்கால் உயரத்துக்கு வந்ததும்தான் ஆள் தேடத் தொடங்குகிறார்கள். அப்போது பக்கத்து வீட்டுக்கு 40 டாலர் என்றவரே நமக்கு 55 டாலர் என்று சொன்னால், நம்மை ஏமாற்றப் பார்க்கிறாரோ என்ற சந்தேகம் வருவது இயல்பு. பெரும்பாலும் அப்படி இருக்காது. அந்த 15 டாலர் வேறுபாட்டுக்கு உங்கள் வீட்டின் அமைப்பிலேயே காரணம் இருக்கும்.

புல் வெட்டும் நிறுவனம் வசூலிக்கும் தொகை, அதன் ஆட்கள் உங்கள் வீட்டில் செலவிடும் நிமிடங்களுக்கும், முந்தைய வீட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு வந்து சேரும் நிமிடங்களுக்கும் உரிய விலை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், பரப்பளவு, புல் வகை, வேலிக் கதவு, வெட்டும் இடைவெளி என்று பின்னால் வரும் ஒவ்வொன்றும் எதற்காக விலையை ஏற்றுகிறது, எதைச் சரிசெய்தால் இறங்கும் என்பது தானாகவே விளங்கும். இந்த வழிகாட்டி வடக்கு டெக்சஸை மையமாக வைத்து எழுதப்பட்டது. நியூ ஜெர்சியிலோ மிச்சிகனிலோ இருப்பவர்களுக்குப் புல்லும் பருவமும் மாறும், கணக்கு மாறாது.

முதல் படி: வெட்ட வேண்டிய புல்லின் பரப்பை அளந்துகொள்ளுங்கள்

மனையின் பரப்பும் புல்லின் பரப்பும் ஒன்றல்ல. உங்கள் மனை எத்தனை சதுர அடி என்பதைக் காலின் அல்லது டென்டன் கவுண்டியின் சொத்து மதிப்பீட்டு அலுவலக இணையதளத்தில் முகவரியைத் தட்டினாலே பார்த்துவிடலாம். அதிலிருந்து வீடு, கராஜ், காங்கிரீட் போட்ட பேட்டியோ, கார் ஏறிவரும் பாதை, பூச்செடிப் பாத்தி ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 8,000 சதுர அடி மனையில் வீடும் கராஜும் பேட்டியோவும் சேர்ந்து தரையில் 3,000 சதுர அடியையும், கார்ப் பாதையும் நடைபாதையும் 900 சதுர அடியையும், பாத்திகள் 600 சதுர அடியையும் எடுத்துக்கொண்டால், மிஞ்சுவது 3,500 சதுர அடி மட்டுமே. மாடி வீடாக இருந்தால் இணையதளம் காட்டும் குடியிருப்புப் பரப்பில் இரண்டு தளங்களும் சேர்ந்திருக்கும் என்பதால், அதை அப்படியே கழித்துவிடக் கூடாது. கீழ்த்தளத்தின் பரப்பு மட்டுமே கணக்கில் வரும்.

இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். நடைபாதைக்கும் சாலைக்கும் இடையே ஓடும் புல்பட்டை பெரும்பாலும் நகராட்சிக்குச் சொந்தமானது. ஆனால் அதை வெட்டிப் பராமரிக்கும் பொறுப்பு உங்களுடையது. பிளேனோ, ரிச்சர்ட்சன் போன்ற ஊர்களின் பழைய குடியிருப்புகளில் கராஜ் பின்பக்கச் சந்துப் பாதையைப் பார்த்திருக்கும். அங்கே சந்தின் ஓரப் புல்லையும் வெட்டியாக வேண்டும். மூலை மனையாக இருந்தால் பக்கவாட்டுச் சாலையோரமும் கூடும். அண்டை வீட்டைவிட உங்களுக்கு விலை அதிகமாகச் சொல்லப்படுவதற்கு மூலை மனை ஒரு வழக்கமான காரணம்.

கூகுள் மேப்ஸின் செயற்கைக்கோள் படத்தில் தூரம் அளக்கும் வசதியைக் கொண்டு புல்லின் ஓரங்களைச் சுற்றிப் புள்ளி வைத்து மூடினால் பரப்பு கிடைத்துவிடும். செயலி வழியாக விலை சொல்லும் சேவைகளும் இதுபோன்ற படத்தை வைத்தே மதிப்பிடுகின்றன; புதிய குடியிருப்புகளில் படம் பழையதாக இருந்தால் மதிப்பீடும் தவறும்.

பரப்பு பாதியானால் விலையும் பாதியாகாது என்பதை இந்த இடத்திலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. 21 அங்குல அகலமுள்ள தள்ளு மோவரை (கையால் தள்ளிச் செல்லும் புல்வெட்டியை)ப் பிடித்துக்கொண்டு ஒருவர் மணிக்கு 3 மைல் வேகத்தில் நடந்தால், திரும்பும் நேரத்தையும் ஒன்றன்மேல் ஒன்று படியும் வரிசைகளையும் கழித்துவிட்டுப் பார்த்தால் மணிக்குச் சுமார் 22,000 சதுர அடி வெட்டலாம். அப்படியானால் 3,500 சதுர அடிக்கு 10 நிமிடம் போதும். ஆனால் டிரெய்லரிலிருந்து கருவிகளை இறக்குவது, வேலி ஓரத்தில் கயிறு சுழன்று வெட்டும் டிரிம்மரைப் பிடிப்பது, காங்கிரீட் விளிம்பில் புல்லை நேராகச் சீவும் எட்ஜிங் செய்வது, காற்றூதும் புளோவரால் பெருக்குவது, மீண்டும் ஏற்றுவது ஆகியவை புல் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் உண்டு. ஆட்டோவில் ஏறி அடுத்த தெருவில் இறங்கினாலும் குறைந்தபட்சக் கட்டணம் கொடுப்பதைப் போல, வண்டியை உங்கள் வாசலில் நிறுத்தியதற்கே ஒரு தொகை உண்டு. சிறிய மனைக்காரர்களின் பேரம் ஓர் எல்லைக்கு மேல் எடுபடாததற்குக் காரணம் இதுதான்.

இரண்டாம் படி: வேகத்தைக் குறைப்பவற்றைச் சுற்றி நடந்து பாருங்கள்

முதலில் வேலிக் கதவை அளந்து பாருங்கள். வட டெக்சஸில் மரவேலியின் கதவு பெரும்பாலும் 36 அங்குலத்தை ஒட்டியே இருக்கிறது. அதன் வழியாகத் தள்ளு மோவர் நுழையும், சில குறுகிய இயந்திரங்களும் நுழையும். ஓட்டிச் செல்லும் 48 அல்லது 52 அங்குல ஜீரோ டர்ன் மோவர் நுழையாது. சிறிய மனையில் இதனால் பெரிய இழப்பில்லை. லூகாஸ், பார்க்கர் போன்ற ஊர்களில் ஓர் ஏக்கரும் அதற்கு மேலும் மனை வைத்திருப்பவர்களுக்கோ, கதவின் அகலம்தான் விலையையே தீர்மானிக்கும். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. மேற்சொன்ன தள்ளு மோவரில் அதற்கு ஏறக்குறைய 2 மணி நேரம் ஆகும். 52 அங்குல ஜீரோ டர்ன் மோவரை மணிக்கு 6 மைல் வேகத்தில் ஓட்டினால் 25 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வேலி கட்டும்போதே ஒரு பக்கத்தில் இரட்டைக் கதவாக வைத்துவிட்டால், ஒருமுறை செய்த அந்தச் செலவு வாரந்தோறும் திரும்பக் கிடைக்கும்.

அடுத்தது தடைகள். ஊஞ்சல், டிராம்போலின், தோட்டத்துக் குழாய், குழந்தைகளின் சைக்கிள், கறிவேப்பிலைத் தொட்டிகள் ஆகியவற்றில் ஒவ்வொன்றையும் வெட்டுபவர் சுற்றிப்போக வேண்டும், அல்லது நகர்த்தி வைக்க வேண்டும். புல்லின் நடுவே தனித்தனியாக நிற்கும் மரங்கள் இன்னும் கடினமானவை. ஒவ்வொன்றைச் சுற்றியும் டிரிம்மர் பிடித்தாக வேண்டும். மரத்தடிகளைச் சேர்த்து ஒரே பாத்தியாக்கி மரச்சீவல் மல்ச் (மண்ணை மூடும் மூடாக்கு) போட்டுவிட்டால் வெட்டுபவருக்கு நேரம் மிச்சமாகும், மரப்பட்டையில் டிரிம்மர் கயிறு படாமல் மரமும் பிழைக்கும். சரிவு, வடிகால் பள்ளம், நீச்சல் குளத்தின் ஓரம் ஆகியவையும் விலையைக் கூட்டுபவை. வளர்ப்பு நாய் இருந்தால் கழிவை முதல் நாளே அகற்றிவிடுங்கள். அதற்கெனத் தனிக் கட்டணம் வைத்திருப்பவர்களும் உண்டு, பின்பக்கத்தை வெட்டாமலேயே போய்விடுபவர்களும் உண்டு.

மூன்றாம் படி: உங்கள் புல் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இப்பகுதியில் வீட்டுப் புல்தரைகளில் காணப்படுபவை பெரும்பாலும் மூன்று வகை. மெல்லிய இலையும், நிலத்தடியிலும் நிலத்தின் மேலும் படர்ந்தோடும் தண்டுகளும் கொண்டது பெர்முடா. வெயிலில் வெறிகொண்டு வளரும், நிழலில் தேய்ந்துபோகும். அகன்ற தடித்த இலையும், நிலத்தின் மேல் மட்டும் ஓடும் தண்டும் கொண்டது செயின்ட் அகஸ்டின். நிழலை ஓரளவு தாங்கும், தண்ணீர் கூடுதலாகக் கேட்கும். அடர்ந்து மெத்தென்று இருப்பது சோய்சியா. மெதுவாக வளரும், ஆனால் இலை கடினமானது என்பதால் கூரிய பிளேடு வேண்டும்.

வகை தெரிந்தால் உயரம் தெரியும், உயரம் தெரிந்தால் எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்ட வேண்டும் என்பது தெரியும். ஒருமுறை வெட்டும்போது இலையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது புல் பராமரிப்பின் அடிப்படை விதி. பெர்முடாவை 1½ அங்குலத்தில் வைத்திருந்தால் 2¼ அங்குலத்தை எட்டும்போதே அடுத்த வெட்டு வந்துவிடும்; செயின்ட் அகஸ்டினை 3 அங்குலத்தில் வைத்திருந்தால் 4½ அங்குலம் வரை பொறுக்கலாம். மே மாதத்தில், மழையும் பெய்து உரமும் போட்டிருந்தால், பெர்முடா ஒரே வாரத்தில் அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

பெர்முடா வைத்திருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தனிச் செலவும் உண்டு. குளிர்காலம் முடியும் தறுவாயில், காய்ந்து பழுப்பேறிய புல்லைத் தரையொட்ட வெட்டி அள்ளிச் செல்லும் ஸ்கால்ப்பிங் வேலையைப் பலர் செய்விக்கிறார்கள். பைபையாகக் குப்பை வரும் வேலை இது. வழக்கமான வெட்டின் விலைக்கு யாரும் செய்ய மாட்டார்கள். செயின்ட் அகஸ்டினை இப்படி ஒட்ட வெட்டச் சொல்லவே சொல்லாதீர்கள். அதன் உயிர் நிலத்தின் மேலோடும் தண்டில் இருக்கிறது, தண்டைச் சிதைத்தால் மீண்டும் துளிர்க்க நிலத்தடியில் ஒன்றுமில்லை.

நியூ ஜெர்சி, இல்லினாய், மிச்சிகன், ஒன்டாரியோ ஆகிய இடங்களில் இருப்பவர்களின் புல் பெரும்பாலும் கென்டக்கி புளூகிராஸும் ஃபெஸ்கியூவும். அவை வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வேகமாக வளர்ந்து, நடுக்கோடையில் தளர்ந்துவிடும். பருவம் குறுகியது, ஆனால் அக்டோபர், நவம்பரில் இலை அள்ளும் செலவு பெரிதாக வரும். டெக்சஸில் அந்தச் செலவு எதிர்பாராத நேரத்தில் வந்து நிற்கும்: இங்குள்ள லைவ் ஓக் மரங்கள் பழைய இலைகளை வசந்த காலத் தொடக்கத்தில்தான் உதிர்க்கின்றன.

நான்காம் படி: எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று தீர்மானியுங்கள்

பணம் மிச்சமாகும் என்று நினைத்து நம்மவர்கள் தவறு செய்யும் இடம் இது என்பதால், கணக்கோடு பார்ப்போம். வாராவாரம் வெட்டினால் ஒரு வெட்டுக்கு 45 டாலர், இரு வாரத்துக்கு ஒருமுறை என்றால் 60 டாலர் என்று ஒருவர் விலை சொல்வதாக வைத்துக்கொள்வோம். இரண்டாம் விலை கூடுதலாக இருப்பதற்குக் காரணம் எளியது: 14 நாள் வளர்ந்த புல்லில் மோவரை மெதுவாகத் தள்ள வேண்டும், சில இடங்களில் இரண்டு முறை ஓட்ட வேண்டும், குவியும் புல்லைப் பரப்பவோ அள்ளவோ வேண்டும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான 30 வாரத்துக்கு முதல் வழியில் 1,350 டாலரும், இரண்டாம் வழியில் 900 டாலரும் ஆகின்றன. 450 டாலர் மிச்சம் போலத் தோன்றும்.

பெர்முடாவுக்கு அது உண்மையான மிச்சமல்ல. இரண்டு வாரத்தில் 4 அங்குலம் வளர்ந்த பெர்முடாவை 1½ அங்குலத்துக்கு இறக்கினால் பச்சை இலை முழுவதும் போய், அடியிலிருக்கும் பழுப்புத் தண்டு மட்டும் தெரியும். அது மீண்டும் பச்சையாவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். இடைவெளிகளில் களை புகும். களைக்கொல்லிக்குத் தனியே செலவழிப்பீர்கள். எச்.ஓ.ஏ. எனும் வீட்டுரிமையாளர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தாலும் வியப்பதற்கில்லை. செயின்ட் அகஸ்டினுக்கும் சோய்சியாவுக்கும் இரு வாரம் ஓரளவு தாங்கும். என் பரிந்துரை: ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் வாரந்தோறும் வையுங்கள், ஜூலை, ஆகஸ்டில் தண்ணீரைக் குறைத்துப் பாய்ச்சுபவராக இருந்தால் மட்டும் 10 நாளுக்கோ இரு வாரத்துக்கோ மாற்றுங்கள், செப்டம்பரில் மழை தொடங்கியதும் மீண்டும் வாரத்துக்கு வாருங்கள். நவம்பர் நடுவில் உறைபனி விழுந்த பிறகு புல் உறங்கிவிடும். மார்ச் வரை மாதத்துக்கு ஒருமுறை வந்து களையை வெட்டி இலையை அள்ளினால் போதும். இப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 30 முதல் 35 வருகைகள் ஆகும்.

வெட்டாமலே விட்டுவிடுவதும் இலவசமல்ல. டாலஸ் நகரச் சட்டப்படி புல்லும் களையும் 12 அங்குலத்தைத் தாண்டினால் விதிமீறல். அறிவிப்புக்குப் பிறகும் வெட்டாவிட்டால் நகராட்சியே வெட்டிவிட்டு, செலவை உரிமையாளர் தலையில் ஏற்றி, கட்டாவிட்டால் அந்தத் தொகைக்குச் சொத்தின் மீது உரிமைப்பற்று (lien, கடனுக்கான பிணைப்பு) பதிவு செய்யவும் டெக்சஸ் மாநிலச் சட்டம் இடம் கொடுக்கிறது.

ஐந்தாம் படி: விலையில் என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்குங்கள்

இரண்டு விலைகளை ஒப்பிடுவதற்கு முன், இரண்டும் ஒரே வேலைக்குத்தானா என்று பார்க்க வேண்டும். இப்பகுதியில் புல் வெட்டுதல் என்றால் மோவர் ஓட்டுவது, மோவர் எட்டாத இடங்களில் டிரிம்மர் பிடிப்பது, நடைபாதை விளிம்பை நேராகச் சீவும் எட்ஜிங், காங்கிரீட்டில் சிதறியதைப் புளோவரால் அகற்றுவது ஆகிய நான்கும் சேர்ந்தது என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் மிகக் குறைந்த விலை சொல்பவர்கள் எட்ஜிங்கை மாதத்துக்கு ஒருமுறைதான் செய்வார்கள், அல்லது பின்பக்கத்தைக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்கள். ஆகவே 'முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு, சந்தோரம், ஒவ்வொரு முறையும் எட்ஜிங் உட்பட' என்று குறுஞ்செய்தியிலாவது எழுதி, 'ஆம்' என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெட்டிய புல்லை அள்ளிச் செல்லச் சொன்னால் விலை ஏறும். அள்ள வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கப் பிரிவு, வெட்டிய புல்லைப் பையில் அள்ளாதீர்கள் என்று பல ஆண்டுகளாகவே வலியுறுத்தி வருகிறது. மூன்றில் ஒரு பங்கு விதிப்படி வெட்டினால் துணுக்குகள் சிறிதாகப் புல்லுக்குள் இறங்கி மட்கி, புல்லுக்கு வேண்டிய நைட்ரஜனில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்துவிடும். பூஞ்சை நோய் பிடித்த புல், விதை தள்ளிய களை, அளவுக்கு மீறி வளர்ந்துவிட்ட புல் ஆகியவற்றுக்கு மட்டும் அள்ளுவதற்குப் பணம் கொடுக்கலாம்.

புதர் கத்தரித்தல், பாத்தியில் களை பறித்தல், மல்ச் போடுதல், இலை அள்ளுதல் ஆகியவை தனி வேலைகள். தனி விலை கேளுங்கள். உரமும் களைக்கொல்லியும் அடிப்பதை வெட்டுபவரிடமே கொடுப்பதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கூலிக்குக் களைக்கொல்லி தெளிப்பவருக்கு டெக்சஸ் வேளாண் துறையின் உரிமம் தேவை. 'அதையும் சேர்த்து 20 டாலருக்கு அடித்துவிடுகிறேன்' என்பவரிடம் உரிமம் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். தவறான மருந்து செயின்ட் அகஸ்டினை ஒரே வாரத்தில் மஞ்சளாக்கிவிடும், பிறகு பாத்தி பாத்தியாகப் புல் வாங்கிப் பதிக்க வேண்டியதுதான்.

முதல் வெட்டுக்குத் தனி விலை இருப்பதும் வழக்கம். ஒரு மாதம் வளர விட்டுவிட்டு அழைத்தால் இரட்டிப்பு விலை கேட்பது நியாயமே.

ஆறாம் படி: சொல்லப்பட்ட விலையைப் பிரித்துப் பாருங்கள்

மூன்று இடங்களிலாவது விலை கேளுங்கள்: தெருவில் ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவர், பெயர்ப்பலகையுள்ள ஒரு நிறுவனம், லான்ஸ்டார்ட்டர் அல்லது கிரீன்பால் போன்ற ஒரு செயலி. பிறகு அந்த விலை எதனால் ஆனது என்று தோராயமாகப் போட்டுப் பாருங்கள். இருவர் கொண்ட குழு உங்கள் வீட்டில் 20 நிமிடமும், ஏற்றி இறக்கி வந்து சேர 10 நிமிடமும் எடுப்பதாக வைத்துக்கொண்டால், இருவருக்கும் சேர்த்து ஒரு மணி நேர உழைப்பு. மணிக்கு 20 டாலர் கூலி என்றால், முதலாளி தம் பங்காகக் கட்ட வேண்டிய 7.65 சதவீதச் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரியும் சேர்ந்து 21 டாலர் 53 சென்ட். வண்டி, டிரெய்லர், பெட்ரோல், பிளேடு, காப்பீடு, தொலைபேசி ஆகியவற்றுக்கு 12 டாலர் வைத்தால் 33½ டாலர் ஆகிவிட்டது. மழையால் வேலை நின்றுபோகும் நாள்களையும் லாபத்தையும் இதற்கு மேல் ஏற்றினால் 40 டாலரைத் தொட்டுவிடும். இந்த எண்கள் எடுத்துக்காட்டுக்காகத்தான். இருந்தாலும், இதே அளவு வீட்டுக்கு ஒருவர் 25 டாலர் என்று சொன்னால், எதையோ விட்டுவிடுகிறார் என்று இந்தக் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். அது காப்பீடாக இருக்கலாம், வரியாக இருக்கலாம், அல்லது ஜூலை மாதத்தில் தொலைபேசியை எடுக்கும் பழக்கமாக இருக்கலாம்.

கூலிதான் இதில் பெரும்பங்கு என்பதால், ஆள் கிடைப்பதைப் பொறுத்து ஆண்டுக்காண்டு விலை நகரும். அமெரிக்க நிலத்தோட்டத் தொழில், பருவகால வேலைக்கான எச்-2பி விசாவில் வருபவர்களைப் பெரிதும் நம்பியிருக்கிறது. அந்த விசாவுக்குச் சட்டம் வகுத்த ஆண்டு வரம்பு 66,000. எச்-1பி குலுக்கல் முடிவுக்காக மார்ச் மாதம் முழுவதும் காத்துக்கிடக்கும் நம்மவர்களுக்கு, நம் புல்லை வெட்டுபவரின் முதலாளியும் வேறொரு வரம்புக்குள் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார் என்பது அதிகம் தெரிவதில்லை. வேறு மாநிலங்களில் கருவிகளும் விலையை மாற்றுகின்றன. கலிஃபோர்னியாவில் 2021-இல் கையெழுத்தான சட்டத்தின் தொடர்ச்சியாக, 2024 முதல் பெட்ரோலில் ஓடும் புதிய மோவர்களையும் புளோவர்களையும் விற்பனையிலிருந்து விலக்கும் விதிகள் வந்தன. நாள் முழுவதும் ஓடப் போதுமான பேட்டரிகளை வாங்கும் செலவு, அங்குள்ள சிறு தொழிலாளர்களின் விலையில் ஏறத்தான் செய்யும்.

ஏழாம் படி: வரி, காப்பீடு, பணம் செலுத்தும் முறை

டெக்சஸில் புல் வெட்டும் சேவைக்கு விற்பனை வரி உண்டு. மாநில வரி 6.25 சதவீதம், உள்ளூர் வரி அதிகபட்சம் 2 சதவீதம், ஆக மொத்தம் 8.25 சதவீதம் வரை. 45 டாலர் என்று சொல்லப்பட்டது வரியோடா, வரியில்லாமலா என்று கேட்டுவிடுங்கள். 35 வருகைகளுக்கு 1,575 டாலர் ஆவது, வரியோடு 1,705 டாலர் ஆகும்.

காப்பீட்டை இரண்டாகக் கேளுங்கள். மோவரிலிருந்து தெறித்த கல் உங்கள் சன்னலையோ அண்டை வீட்டுக் காரையோ உடைத்தால் ஈடு செய்வது பொதுப் பொறுப்புக் காப்பீடு. வேலையாளுக்கே காயம் பட்டால் ஈடு செய்வது தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு. இந்த இரண்டாவதை வைத்திருக்கும்படி தனியார் முதலாளிகளைக் கட்டாயப்படுத்தாத மாநிலம் டெக்சஸ் என்பதால், 'சட்டப்படி எல்லாம் இருக்கிறது' என்ற பதிலால் நிறைவடையாமல் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். தெளிப்பான் தலையை உடைத்தால் யார் பொறுப்பு என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அவர் வருவதற்கு முதல் நாள் தெளிப்பானை ஓட்டிப் பார்த்து, நிமிர்ந்தே நிற்கும் தலைகளுக்குச் சிறு கொடி குத்தி வைப்பது இருவருக்கும் நல்லது.

பருவம் முழுவதற்கும் முன்பணம் கொடுத்துத் தள்ளுபடி பெறும் திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெட்டிய பின் பணம், அல்லது மாதக் கடைசியில் பணம் என்பதே பொருத்தமானது. மழை பெய்தால் எந்த நாளுக்குத் தள்ளிப்போகும், வேலையை நிறுத்த எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். இங்குள்ள கருங்களிமண் மழையில் ஊறியிருக்கும்போது கனமான மோவர் ஏறினால் பதியும் சக்கரத்தடம் கோடை முழுவதும் மறையாது. மழைக்கு மறுநாளே வந்து வெட்டுபவரைவிட இரண்டு நாள் தள்ளி வருபவரே மேல்.

முதல் வெட்டுக்கு இரண்டு நாள் கழித்துப் புல்லின் நுனியை அருகில் குனிந்து பாருங்கள். சீராக அறுபட்டுப் பச்சையாக இருந்தால் பிளேடு கூர்மையானது. நுனி நார்நாராகக் கிழிந்து வெளிறியிருந்தால் பிளேடு மழுங்கியது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அவர் வேண்டாம்.

எட்டாம் படி: விலையைக் குறைக்கக் கேளுங்கள், காரணத்தோடு

'கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்' என்று வெறுமனே கேட்பதில் பயன் குறைவு. அவருடைய நிமிடங்களைக் குறைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டால் பலன் உண்டு. மேலே போட்ட கணக்கில், வந்து சேர ஆகும் 10 நிமிடம் 2 நிமிடமாகக் குறைந்தால், இருவரின் கூலியில் மட்டுமே ஏறக்குறைய 5¾ டாலர் மிச்சமாகிறது. ஆகவே தெருவின் வாட்ஸ்அப் குழுவில் பேசி, அடுத்தடுத்த நான்கு வீட்டுக்காரர்கள் ஒரே ஆளை ஒரே நாளில் வரச் செய்தால், வீட்டுக்கு 5 டாலர் குறைத்துக் கொடுத்தாலும் அவருக்கு நஷ்டமில்லை. அவரே முன்வந்து குறைப்பார் என்று காத்திருக்க வேண்டாம், கேட்டால்தான் கிடைக்கும். அதேபோல, வெள்ளி, சனிக்கிழமைகளை எல்லோரும் விரும்புவதால், செவ்வாய்க்கிழமை வந்தாலும் சரி என்று சொல்பவருக்கு நல்ல விலை கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆண்டு முழுவதும் தொடர்வதாக உறுதி சொல்வது, குளிர்கால வேலைகளையும் அவருக்கே கொடுப்பது ஆகியவையும் பேச்சில் எடுபடும்.

ஆள் தேடும் நேரமும் முக்கியம். பிப்ரவரியில் கேட்டால் அவருடைய அட்டவணையில் இடம் இருக்கும். மே மாதம் கேட்டால் அவர் சொன்னதுதான் விலை.

ஒன்பதாம் படி: கோடையில் ஊருக்குப் போகும் குடும்பங்களுக்கு

வழக்கமாகத் தாமே வெட்டிக்கொள்பவர்களும் ஜூன், ஜூலையில் ஐந்தாறு வாரம் சென்னைக்கோ மதுரைக்கோ போகும்போது ஆள் வைத்தாக வேண்டும். குறுகிய காலத்துக்கு அமர்த்துபவரிடம் தொடர் வாடிக்கையாளரின் விலை எதிர்பார்க்க முடியாது. ஆகவே ஏப்ரலிலேயே பேசி, பயணத்துக்கு முன் இரண்டு முறையாவது அவரையே வெட்டச் சொல்லுங்கள். வீட்டின் அமைப்பு அவருக்கும் பழகும், வேலையின் தரம் உங்களுக்கும் தெரியும். வேலிக் கதவைப் பூட்டுபவர் என்றால் எண்பூட்டு போட்டு எண்ணைச் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பின் முன்பக்கம், பின்பக்கம் என இரண்டு படங்கள் அனுப்பினால் அன்றே Zelle எனும் வங்கிவழிப் பணப் பரிமாற்றச் சேவையில் பணம் அனுப்புவதாகச் சொல்லுங்கள். இந்த ஏற்பாட்டுக்கு மறுப்புச் சொல்பவர்கள் குறைவு. இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவதில் உங்கள் வங்கி தடை போடுமா என்பதையும், கடவுச்சொல் குறியீடு வரும் அமெரிக்க எண் அங்கே வேலை செய்யுமா என்பதையும் புறப்படுவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். அது இயலாது என்று தெரிந்தால், முதல் இரண்டு வெட்டுக்கான தொகையை அண்டை வீட்டு நண்பரிடம் கொடுத்துவைத்து, படம் வந்ததும் அவரைக் கொடுக்கச் சொல்லலாம். எச்.ஓ.ஏ. கடிதங்கள் அஞ்சல் பெட்டியிலேயே கிடந்துவிடாமல் மின்னஞ்சலுக்கு வரும்படி மாற்றிவிடுங்கள். அறிவிப்பில் குறித்த கெடு நீங்கள் திரும்புவதற்குள் முடிந்துவிடக்கூடும்.